ஓய்வு பெற்ற நீதிபதி இலவச சட்ட உதவியில் இறங்கலாமா?

கேள்வி:
என் சித்தப்பா முன்சீப்பாகச் சேர்ந்து, சார்பு நீதிபதி, அப்புறம் மாவட்ட நீதிபதி என்று ஊர் ஊராக மாறி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பென்ஷன் போதும், இனிமேல் காசு வாங்காமல் ஏழைகளுக்கு வழக்காடப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். சித்திக்கோ வீட்டு வாசலில் கூட்டம் கூடுமே என்று பயம். சட்டப்படி இதற்குத் தடை ஏதும் உண்டா?

பழைய குமாஸ்தா:
உண்டு. ஓய்வு பெற்ற நீதிபதி எந்தக் கோர்ட்டில் வழக்காடலாம் என்பதற்கு, வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் வக்காலத்து போட்டால்தான் உதவியா? ஒரு பாட்டி மஞ்சப்பையில் காகிதங்களைச் சுருட்டி எடுத்து வந்து, கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஏதோ தாள் வந்திருக்கிறது என்று நீட்டினார். பிரித்துப் பார்த்தால் அது சம்மன் இல்லை, எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது பாட்டி கோர்ட்டுக்கு வராததால் அவர் இல்லாமலே கொடுத்த தீர்ப்பு. அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான், அதில் பாதி போய்விட்டது. தேதியைப் பார்த்த உடனே "இன்றைக்கே மனுப் போடு" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அதுவே பெரிய உதவி. உங்கள் சித்தப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

பாலக்காட்டான்:
நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பாருங்கள். 1973-லிருந்து 1980 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். சட்ட உதவி பற்றி அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக 1973-இல் அறிக்கையும் கொடுத்தார். இலவச சட்ட உதவி பற்றிய 39ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் ஏறியது அதற்குப் பிறகு, 1976-இல்தான். 1978-இல் ஹோஸ்கோட் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சிறையில் இருப்பவனுக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடு, அப்பீல் செய்ய வக்கீலும் கொடு. இத்தனைக்கும் அந்த மனுதாரரின் மனு தள்ளுபடிதான், கள்ளப் பட்டச் சான்றிதழ் வழக்கில் மாட்டிய ஆள்! உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓய்வுக்குப் பிறகு இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் வழக்காட முடியாது, அதனால் மனிதர் எறணாகுளம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே 2014-இல் சாகிற வரைக்கும் மனு எழுதுவதும் கடிதம் போடுவதுமாக ஓய்வில்லாமல் இருந்தார். சித்தி பயப்படுகிற கூட்டம் அங்கேயும் உண்டு.

ஒரு வக்கீல்:
எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை. பெஞ்சில் உட்கார்ந்த பழக்கம் லேசில் போகாது. இரு தரப்பையும் சமரசம் பேசி முடித்துவைக்கும் லோக் அதாலத்தில் "சரி, இதோடு முடிச்சுக்கோங்க" என்று அதட்டினால் ஏழை ஆள் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவான், அந்தத் தீர்வுக்கு அப்பீலும் கிடையாது. கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும் என்பது மட்டும்தான் ஆறுதல். அவர் பேசுவதைக் குறைத்து, கேட்பதைக் கூட்டினால் நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்போ வீட்டில் போர்டு மாட்ட வேண்டாமா?

பழைய குமாஸ்தா:
வேண்டாம். இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சித்தப்பாவைப் போகச் சொல்லுங்கள். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே அங்கே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்களையும் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடச் சொன்னால் போதும், சித்தி நிம்மதியாக இருப்பார். ஒரே சிக்கல், அங்கே செயலாளர் சார்பு நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர், சித்தப்பாவுக்கு ரொம்ப ஜூனியர். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்க சித்தப்பாவுக்குக் கூச்சமில்லை என்றால் மறுநாளே வேலை ஆரம்பித்துவிடலாம்.