ஊருணி நீர்மட்டப் பதிவுகளின் இடைவெளியை நிரப்ப உதவி தேவை (பைத்தான், பாண்டாஸ்)

நண்பர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருணியின் படித்துறையில் பெயின்டால் வரைந்த அளவுகோலைப் பார்த்து, பலரும் தோதுப்பட்டபோது நோட்டில் குறித்துவைத்த நீர்மட்டங்களை நாளொன்றுக்கு ஓர் அளவாக மாற்ற முயல்கிறேன். ஐப்பசியில் ஒரே நாளில் காலை 6.40, மாலை 5.15 என இரு பதிவுகள் இருக்கும். சித்திரையில் வாரக்கணக்கில் ஒன்றும் இராது.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில், விடுபட்ட அளவுகளை இடைக்கணித்து நிரப்பும் இன்டர்போலேட் இயல்பாகப் பயன்படுத்தும் 'லீனியர்' (நேர்கோட்டு) முறை எல்லாப் புள்ளிகளையும் சம இடைவெளியில் உள்ளவையாகவே கொள்வதால், உண்மையான கால இடைவெளியைக் கணக்கில் கொள்ளும் 'டைம்' முறையைத் தேர்ந்தேன். நேரடியாக ரீசாம்பிள் செய்து (நாள்வாரி வரிசையாக மாற்றி) இன்டர்போலேட்டை அழைத்தால், தினசரி நேரமான நள்ளிரவுக்குப் பொருந்தாத அசல் அளவுகள் கழன்றுவிடும் என்பதால், அசல் நேரங்களையும் தினசரி நேரங்களையும் ஒரே இன்டெக்ஸாக (நேர வரிசையாக)ச் சேர்த்து, இடைக்கணித்த பிறகே தினசரி வரிசையைப் பிரித்தெடுக்கிறேன். இதுவரை சரி.

சிக்கல் நீண்ட இடைவெளிகளில்தான். தொடர்ச்சியாக எத்தனை வெற்றிடங்களை நிரப்பலாம் என வரம்பிடும் 'லிமிட்' நாள்களைப் பார்ப்பதில்லை, புள்ளிகளையே எண்ணுகிறது. அதுவும் நீண்ட இடைவெளியின் முற்பகுதியை நிரப்பிவிட்டு மீதியை மட்டும் விடுகிறது. இரு அசல் பதிவுகளுக்கிடையே 10 நாளுக்கு மேல் இருந்தால் அந்த இடைவெளி முழுவதையும் வெறுமையாக விடுவதற்கு, முந்தைய, பிந்தைய பதிவு நேரங்களைத் தனிப் பத்திகளில் நிரப்பிக் கழிப்பதைவிட எளிய வழி உண்டா?

இன்னொன்று: ஊருணி மெதுவாக வற்றும், ஒரே மழையில் ஏறும். நேர்கோடு போட்டால் மழை வருமுன்பே நீர் ஏறுகிறது; வளைகோடாக இணைக்கும் கியூபிக் ஸ்ப்லைனோ கரையையே தாண்டுகிறது. சைபை என்னும் பைத்தான் நூலகத்தின் பிச்சிப் என்ற வளைகோட்டு முறை அளவு மீறாது என்றாலும் முதல் கோளாறு அதிலும் தீரவில்லை. தினசரி மழையளவை இதில் இணைத்துக் கணித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.