கார்டு கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் கிரெடிட் ஸ்கோர் ஏறுமா?

நன்னிலத்திலிருந்து நியூஜெர்சிக்கு வந்து மூன்று மாதங்களான தம்பி ஒருவர், சம்பளம் ஏறிய அன்றே எல்லாக் கட்டணங்களையும் கட்டிவிடுவதாகவும், அப்படியிருந்தும் தமக்குக் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண், ஒன்றுமே காட்டவில்லை என்றும் கேட்டிருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சீக்கிரம் கட்டுவது நல்லது என்ற எண்ணம் இயல்பாகவே வரும். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம், தம்பி. ஆனால் அமெரிக்காவில் அது எந்த இடத்தில் பலன் தரும், எந்த இடத்தில் தராது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கோர் காட்டாததற்குக் காரணம் எளியது. ஊரில் இருந்த சிபில் எனும் இந்தியக் கடன் மதிப்பெண் இங்கே உங்களுடன் வராது; இங்குள்ள ஃபைகோ மதிப்பெண் உருவாக, குறைந்தது ஒரு கார்டோ கடன் கணக்கோ திறந்து ஆறு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு 300 முதல் 850 வரை உள்ள அந்த மதிப்பெண்ணில் ஏறத்தாழ 35 விழுக்காடு, நீங்கள் கெடு தவறாமல் கட்டினீர்களா என்பதைப் பொறுத்தது. கெடுவுக்குப் பதினைந்து நாள் முன்னால் கட்டியவருக்கும் கெடு நாளன்று கட்டியவருக்கும் அந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை.

முன்கூட்டிக் கட்டுவது உதவும் இடம், சுமார் 30 விழுக்காடு எடையுள்ள அடுத்த கணக்கு. கார்டின் வரம்பில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதை அது பார்க்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து அடங்கல் எனும் பயிர்க் கணக்கை எழுதும் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று எந்தப் பயிர் நிற்கிறதோ அதுவே ஏட்டில் ஏறும். அவர் எழுதிவிட்டுப் போன பிறகு தெளித்த உளுந்து அதில் ஏறாது. கார்டுக்கு அந்த நாள் பெரும்பாலும் ஸ்டேட்மெண்ட், அதாவது மாதக் கணக்குச் சீட்டு, முடியும் நாள். அன்று நிற்கும் பாக்கியைத்தான் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் பதிவு நிறுவனங்களுக்கும் வங்கி தெரிவிக்கிறது. புதிதாக வந்தவருக்கு முன்பணம் வைத்து வாங்கும் கார்டில் 500 டாலர்தான் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு ஒரு கோட்டும் மளிகையுமாக 430 டாலர் செலவழித்தால், பிறகு முழுவதையும் ஒழுங்காகக் கட்டினாலும்கூட, 86 விழுக்காடு பாக்கி என்றே பதிவாகும். ஸ்டேட்மெண்ட் முடிவதற்கு மூன்று நாள் முன்பு 400 டாலரைக் கட்டிவிட்டால் பதிவாவது 6 விழுக்காடு. ஆனாலும் இந்தக் கணக்கு மாதாமாதம் புதிதாகப் பார்க்கப்படுவது. வீட்டுக் கடனோ கார்க் கடனோ கேட்கப் போகாத மாதங்களில் இதற்காக அலைய வேண்டியதில்லை.

இதில் உள்ள ஒரு பள்ளத்தில் நானே விழுந்திருக்கிறேன். வந்த முதல் ஆண்டில், ஸ்டேட்மெண்ட் டிசம்பர் 21 அன்று முடியும் கார்டில், 18 ஆம் தேதியே முழுப் பாக்கியையும் கட்டிவிட்டேன். மறுநாள் ஒரு ரயில் சீட்டு, 26 டாலர் 40 சென்ட். அந்தச் சிறு தொகைக்கு ஸ்டேட்மெண்ட் வந்தது, கெடு ஜனவரி 15. இந்த மாதத்துக்குத்தான் கட்டியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, தை மாதம் தங்கையின் திருமணத்துக்கு மன்னார்குடிக்குப் போய், ஆறு வாரம் கழித்துத் திரும்பினேன். கெடு தவறி முப்பது நாள் கடந்தால் அது பதிவில் ஏறும், ஏழு ஆண்டுகள் வரை நிற்கும். ஸ்டேட்மெண்ட் முடியும் முன் கட்டிய பணம் அந்தச் சுற்றோடு தீர்ந்துவிடும் என்பதும், அதன் பின் வரும் ஸ்டேட்மெண்டுக்குக் குறைந்தபட்சத் தொகையையாவது தனியாகக் கட்ட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாமல் போனது. பின்னர் கார் வாங்கப் போனபோது அந்த 26 டாலருக்காகக் கூடுதல் வட்டி கட்டினேன்.

வாடகை, மின்சாரம், கைபேசிக் கட்டணங்கள் வழக்கமாக இந்தப் பதிவில் ஏறுவதில்லை. கட்டாமல் விட்டு வசூல் நிறுவனத்துக்குப் போனால் மட்டும் ஏறிவிடும். ஆகவே அவற்றைச் சீக்கிரம் கட்டி ஸ்கோருக்குக் காத்திருக்க வேண்டாம்.

பணக் கணக்கைப் பார்ப்போம். ஸ்டேட்மெண்ட் தொகை முழுவதையும் மாதந்தோறும் கட்டுபவருக்குப் பொதுவாக வாங்கிய பொருள்களுக்கு வட்டியே கிடையாது. அவர் இரண்டு வாரம் முன்பு கட்டினாலும் ஒரு சென்ட்கூட மிச்சமாகாது. பாக்கியை அடுத்த மாதத்துக்கு இழுப்பவருக்கு வட்டி நாள் கணக்கில் ஓடும்: ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியில் 1,000 டாலர் பாக்கி என்றால் நாளுக்கு ஏறக்குறைய 66 சென்ட். அவருக்கு முன்கூட்டிக் கட்டும் ஒவ்வொரு நாளும் லாபம்தான்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் மனத்தில் வைத்துச் சொல்வது இன்னொன்று. உங்களை அனுப்புவதற்காக அம்மாவின் வளையல் அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் கிடக்கலாம். அதுவும் ஆண்டுக்கு 24 விழுக்காடுதான். வட்டியில்லாத கார்டு பாக்கியைச் சம்பளத்தன்றே அடைத்துவிட்டு, அந்த நகையை இன்னும் ஒரு மாதம் விட்டுவைப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. முன்கூட்டிக் கட்ட கையில் பணம் இருந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள். முதல் ஆண்டில் ஒரு மாத வாடகையையும் வங்கிக் கணக்கில் தொடாமல் வையுங்கள். எல்லாவற்றையும் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிட்டு இருபதாம் தேதி கணக்கு காலியாகி அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கெடு நாளன்றே கட்டுவதும் ஆபத்துதான், ஏனெனில் சில வங்கிகள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்ததை மறுநாள் வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேட்மெண்ட் தொகை முழுவதும் கெடுவுக்கு மூன்று நாள் முன்பாகத் தானாகவே போகும்படி வங்கியில் பதிந்துவையுங்கள். என் சமையலறையில் கும்பகோணத்து மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. ஸ்டேட்மெண்ட் முடியும் நாளைப் பென்சிலாலும் கெடு நாளைச் சிவப்பு மையாலும் ஒவ்வொரு மாதமும் அதில் வட்டமிடுகிறேன். உங்கள் கார்டில் அந்த இரண்டு தேதிகளும் என்னவென்று பார்த்து எழுதுங்கள் தம்பி, எந்த நாளில் எவ்வளவு கட்டலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.