இங்கிலீஷில் ‘ஏன்’ என்று கேட்டபோது மாட்டிக்கொண்டவர்கள் வாங்க

இரவுஷிஃப்ட்:
பத்து வருடமாகிறது, இன்னும் படுத்தால் ஞாபகம் வருகிறது. முந்தின நாள் சாஃப்ட்வேர் ரிலீஸ் ஊத்திக்கொண்டது. டீம் லீட் லீவு. அமெரிக்க கிளையன்ட்டோடு போன் காலில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். “தி ரிலீஸ் ஃபெயில்டு. ஒய்...” என்றவன், ‘பிகாஸ்’ சொல்வதற்குள், என்ன தப்பு என்று பதிவாகியிருக்கும் லாகைத் தேட ஒரு நொடி நிறுத்தினேன். அந்தப் பக்கமிருந்து, “ஐ டோன்ட் நோ. யூ டெல் மீ” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மியூட் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

லேகியம்பாட்டி:
உங்களுக்குச் சிரிப்போடு போயிற்று தம்பி. எனக்கு ஹீத்ரோ. மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் மனப்பாடம் பண்ணச் சொன்ன வாக்கியமெல்லாம் வரிசையில் நின்ற கால்வலியில் மறந்துபோச்சு. கவுன்டரில் ஒரு பெண், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். “ஃபார் டெலிவரி ஒர்க்” என்றேன். பாஸ்போர்ட்டைப் புரட்டிய கை அப்படியே நின்றது. “யூ ஆர் ஹியர் டு ஒர்க்?” “எஸ் எஸ், ஃபுல் ஒர்க் மீ ஒன்லி” என்றேன், பெருமையாக! குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், எல்லாம் நான்தானே. விசிட்டர் விசாவில் வந்துவிட்டு வேலைக்கு வந்தேன் என்று சொல்லக்கூடாதென்று எனக்கென்ன தெரியும்? கடைசியில் கையால் பெரிய வயிறு வரைந்து, பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டே சீல் குத்தினாள்.

இலக்கணப்புலி:
இரவுஷிஃப்ட், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘ஏனென்றால்’ என்பதிலேயே ‘ஏன்’ இருக்கிறது. அதனால்தான் நம் வாயில் ‘ஒய் பிகாஸ்’ என்று வருகிறது. ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளியாள் காதில்தான் அந்த ‘ஒய்’ கேள்வியாக விழும். ‘பிகாஸ்’ மட்டும் போதும்.

என் கதை சின்னது. சிங்கப்பூரில் ஒரு கடையில், “ஐ கேம் ஃபார் பையிங் நைஃப்” என்றேன், கடைக்காரர் முழித்தார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து கவனித்ததைச் சொல்கிறேன். தமிழில் ‘வாங்க வந்தேன்’, ‘பார்க்க வந்தேன்’ என்று சொல்ல முடிந்தால் இங்கிலீஷில் ‘டு’ போடுங்கள்: டு பை, டு சீ. ‘வாங்குவதற்காக’ என்று யோசித்தால்தான் ‘ஃபார் பையிங்’ வந்து தொலைக்கிறது. அதே சமயம், ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்றால் ‘ஃபார் கட்டிங்’ சரி. அப்புறம், நாம் காரணத்தை முன்னால் வைப்போம், ‘மழை பெய்ததால் போகவில்லை’ என்று. அந்த வரிசைக்குத் தோதானது ‘சோ’: “இட் வாஸ் ரெய்னிங், சோ ஐ டிடின்ட் கோ.” மறக்காமல் இருக்க எழுதி வைத்தேன் என்பதற்கு ‘ஃபார் நாட் ஃபர்கெட்டிங்’ வேண்டாம், ‘சோ ஐ டோன்ட் ஃபர்கெட்’ போதும். ‘இன் ஆர்டர் டு’வைக் காகிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ‘சின்ஸ்’ பற்றி...

டப்ளின்குளிர்:
புலி சார், கொஞ்சம் மூச்சு விடுங்கள். பள்ளிக்கூட லீவ் லெட்டர் ஞாபகமிருக்கிறதா? இங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் எனக்குக் காய்ச்சல். மேனேஜருக்கு போன் போட்டு, “அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு கம்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, “ஈஸ் தேர் சம்படி வித் யூ?” என்று கேட்டார். எனக்கு வெறும் நூறு டிகிரிதான். மறுநாள் போனால் மேசை மேல் பழக்கூடை! அதைப் பிரிக்கவே கூச்சமாக இருந்தது.

இரவுஷிஃப்ட்:
புலி சார், நான் இலக்கணம் கேட்கவில்லையே. ‘ஒய்’க்கு அப்புறம் மூச்சு வாங்கினேன், அதுதான் என் துக்கம். பாட்டிம்மா, பிரசவ லேகியம் கொண்டுபோயிருப்பீர்களே, அதை உள்ளே விட்டார்களா?

லேகியம்பாட்டி:
விட்டார்கள் தம்பி. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “வாட் இஸ் திஸ் ஃபார்?” என்றான் ஒருத்தன். “ஃபார் ஈட்டிங்” என்றேன். புலி சார், அது சரிதானே?