‘எக்ஸ்போஷர்’ என்பதற்கு ‘இடர்முகம்’ சரிவருமா?

மொழிபெயர்ப்புக் குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

இங்கே கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறை வைத்து, பம்பு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற நண்பர்கள் சிலருக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் ‘எங்கள் தொழிலுக்கு இன்னின்ன ரிஸ்க் உண்டு’ என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருப்பவர்கள் 2005 கடைசியிலிருந்து அதை ஆண்டறிக்கையில் தனிப் பகுதியாகவே எழுதியாக வேண்டும். அதை நம்மவர்கள் தமிழில் படிக்கட்டும் என்று ஆசை. மேலே இருக்கிறவர் ஆர்டரை நிறுத்தினால் முதலில் நிற்பது இங்கே இருக்கிற லேத்துதானே.

நாணய மதிப்பு, இரும்பு விலை, கப்பல், சுங்க வரி, சுற்றுச்சூழல் சட்டம், ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது என்று வரிசையாக வந்தன. ரிஸ்க்குக்கு ‘இடர்’ என்று போட்டுத் தாண்டிவிட்டேன். ஓர் இடர் நம்மை எவ்வளவு தொடும் என்பதைச் சொல்கிற எக்ஸ்போஷரில் வண்டி நின்றுவிட்டது. அகராதியில் ‘வெளிப்பாடு’ இருக்கிறது. ‘டாலர் வெளிப்பாடு’ என்று எழுதிப் பார்த்தேன். டாலர் ஏதோ மனக்குறையைச் சொல்ல வருகிற மாதிரி இருந்தது.

இடரும் எக்ஸ்போஷரும் ஒன்றில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, அடிக்கிறது. அது பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் பொது. ஆனால் எவர் தோட்டத்தில் குலை தள்ளிய வாழை மறைப்பில்லாமல் மேற்கே பார்த்து நிற்கிறதோ அவருக்குத்தான் வயிறு கலங்கும். காற்று இடர், அந்தக் காற்றுக்கு எத்தனை வாழை முகம் கொடுத்து நிற்கிறது என்பதுதான் எக்ஸ்போஷர். முட்டுக்கம்பு கொடுத்தால் காற்று குறையாது, சாய்கிற மரம் குறையும்.

பல்லடம் ரோட்டில் அடுத்தடுத்து இரண்டு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. ஒருவருடைய சரக்கு முழுக்க அமெரிக்காவுக்குப் போகிறது, மற்றவருடையது ஐரோப்பாவுக்கு. செய்தித்தாளில் இருவரும் படித்த இடர் ஒன்றேதான். தூக்கம் போனது ஒருவருக்கு.

அதனால் ‘இடர்முகம்’ என்று வைக்கலாமா? கழிமுகம், துறைமுகம் மாதிரி இதுவும் நாக்கில் ஒட்டும் என்று நினைக்கிறேன். அடித்துத் துவையுங்கள்.

கோவையிலிருந்து

* * *

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். வணிகச் செய்தி படிக்கிறவன் காதில் ‘முகம்’ என்றாலே ஏறுமுகம், இறங்குமுகம்தான் விழும். ‘டாலர் இடர்முகம்’ என்றால் டாலர் இடரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வான். நான் இங்கே வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குக் கணக்கு எழுதுகிறேன். என் முதலாளி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கேட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, ‘இடர்’ என்பதைப் பேரிடர் மேலாண்மைக்காரர்கள் வெள்ளத்துக்கும் புயலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். இலங்கையில் ரிஸ்க்குக்கு ‘இடர்நேர்வு’ என்று எழுதுகிறார்கள். நேரலாம், நேராமலும் போகலாம் என்பது அதில் தெரிகிறது. அதை யோசித்தீர்களா?

கரூர்

* * *

அன்புடையீர்,

புதிதாக எதற்கு? குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரத்திலேயே ‘ஏதப்பாடு’ இருக்கிறது. தெளிவில்லாத வினையைத் தொடங்க மாட்டார்கள், ஏதப்பாட்டுக்கு அஞ்சுகிறவர்கள் என்கிறார். ஏதம் என்றால் கேடு, பாடு என்றால் படுதல். கேட்டுக்கு ஆட்படும் நிலை. இதைவிட என்ன வேண்டும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபி

* * *

ஐயா, அண்ணா, எல்லாருக்கும் வணக்கங்க.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வங்கி வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீசில் இதற்கு ஏற்கெனவே பேச்சு உண்டு. ‘அந்தப் பையர்கிட்ட எவ்வளவு வெளியே நிக்குது?’ என்றுதான் கேட்போம், பையர் என்றால் சரக்கு வாங்குகிறவர். வெளியே நிற்கிறது என்றால் மழையில் நிற்கிறது என்றும் ஆகிறதல்லவா? ‘வெளிநிற்பு’ என்று வைத்தால் என்ன?

அப்புறம், முகம் என்றால் கண்ணுக்குத் தெரிகிற பக்கம். ஆனால் அடி விழுவது பல சமயம் தெரியாத பக்கத்தில். 2011 ஜனவரி கடைசியில் சாயக்கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் கம்பெனிக்குச் சாயப்பட்டறையே கிடையாது. நொய்யலில் ஒரு சொட்டு விட்டதில்லை. ஆனாலும் துணி சாயத்துக்குப் போக வழியில்லாமல் தையல் மிஷின்கள் சும்மா கிடந்தன. அது எங்கள் இடர்முகம் என்று அதுவரை எந்தக் கணக்கிலும் நாங்கள் எழுதியதில்லை.

திருப்பூர்

* * *

அக்கா சொன்னதைப் படித்ததும் கையேட்டில் இரண்டு பக்கம் கூட்டிவிட்டேன். சாயப்பட்டறைக் கதை அப்படியே போகிறது, ஊர் பெயர் மட்டும் போடுகிறேன்.

ஐயா, ஏதப்பாடு அழகான சொல். ஆனால் கணபதிப் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். “ஏதோ பாடுங்களா?” என்றார் ஒருவர். அவர்கள் படுகிற பாட்டுக்கு அது பொருத்தம்தான். தவிர, ஏதப்பாட்டில் கேடு வந்தே விட்டது போன்ற தொனி இருக்கிறது. எக்ஸ்போஷரில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

‘வெளிநிற்பு’ என்னை இரண்டு நாள் ஆட்டிவிட்டது. மக்கள் வாயிலிருந்து வந்த சொல், அதற்கு மேல் என்ன? ஆனால் எழுதிப் பார்த்தபோது எல்லாரும் அதை ‘வரவேண்டிய பாக்கி’ என்றே படித்தார்கள். பாக்கிக்கு நிலுவை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வாடிக்கையாளர் கடனுக்குப் பொருந்துவது, கப்பலுக்கும் வரிக்கும் பொருந்தவில்லை. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதே, அங்கே எது வெளியே நிற்கிறது? பெட்டி கடலில் நிற்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர், பணம் 90 நாள் கழித்து. டாலர் விலை ஒரு ரூபாய் அசைந்தால் ஒரு லட்சம் ரூபாய் கூடும், அல்லது குறையும். அதே மாதம் ஜிப்புக்கும் பட்டனுக்கும் 30,000 டாலர் நாம் கட்ட வேண்டியிருந்தால் இடர்முகம் 70,000 டாலர்தான். அதில் 50,000-க்கு வங்கியில் ஃபார்வர்டு, அதாவது பின்னால் வரும் டாலருக்கு இப்போதே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தம், எடுத்தால் மிச்சம் 20,000. ரூபாயின் ஆட்டம், அதாவது இடர், கொஞ்சமும் குறையவில்லை. நம் முகம் சுருங்கியிருக்கிறது. ‘இடர்முகம் 20,000 டாலர்’ என்று எழுதும்போது கரூர் அண்ணன் சொன்ன ஏறுமுகக் குழப்பம் வரவில்லை, எண் பக்கத்தில் நிற்பதால். எண் இல்லாத இடத்தில் குழப்பம் வரும், ஒத்துக்கொள்கிறேன். அங்கே ‘எதற்கு இடர்முகம்’ என்பதைச் சேர்த்தே எழுதுவேன்: ‘சுங்க வரிக்கு இடர்முகம்’ என்கிற மாதிரி.

இந்தச் சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் 2007, 2008. டாலர் 44 ரூபாயிலிருந்து ஓர் ஆண்டுக்குள் 39-க்கு வந்ததும் ஏற்றுமதியாளர்கள் பயந்து, வங்கிகள் காட்டிய சிக்கலான நாணய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். அவற்றில் சில சுவிஸ் பிராங்க்கையும் யென்னையும் கட்டி வைத்திருந்தன. திருப்பூரில் பனியன் தைக்கிறவருக்கும் சுவிஸ் பிராங்க்குக்கும் என்ன சம்பந்தம்? டாலர்ப் பக்கம் முகத்தை மூடப் போய், இல்லாத முகம் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள், வழக்குகள் நடந்தன, 2011-இல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. இடருக்கு ஒரு சொல், இடர்முகத்துக்கு வேறு சொல் என்று இருந்தால் ‘இந்தக் காகிதத்தால் என் முகம் குறைகிறதா, கூடுகிறதா?’ என்று கேட்கவாவது தோன்றும்.

இடர்நேர்வு எனக்கும் பிடிக்கிறது. முகத்தோடு சேர்த்தால் நீளம் தாங்கவில்லை, அதனால் கையேட்டில் இடர் என்றே விடுகிறேன்.

கடைசியாக ஒன்று. அயல்நாட்டுக் கிளையின் கணக்கைத் தாய் நிறுவனத்தின் நாணயத்துக்கு மாற்றி எழுதும்போது வருகிற ஏற்ற இறக்கத்தை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்லேஷன் எக்ஸ்போஷர்’ என்பார்கள். கணினி இதை ‘மொழிபெயர்ப்பு வெளிப்பாடு’ என்று கொடுத்தது. இந்தக் குழுவுக்கே பெயராக வைக்கலாம்! ‘கணக்குமாற்று இடர்முகம்’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடலாம்.

கோவையிலிருந்து