மத்தியதரைக் கடல் கூட்டாய்வுகளில் தென்கரைப் பல்கலைக்கழகங்களுக்கு உரிய இடம் கிடைக்க என்ன செய்யலாம்?

உவர்நிலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இத்தாலியின் தென்பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருக்கிறேன். கரையோர நிலத்தடி நீரில் கடல்நீர் புகுவதுதான் என் ஆய்வுப் பொருள். இத்தாலியின் சலெந்தோ தீபகற்பம், துனிசியாவின் காப் போன், எகிப்தின் நைல் கழிமுகம் ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராயும் முன்மொழிவு ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மூன்று இடங்களிலும் கிணற்று நீர் உப்பாகிறது என்றாலும் அதன் காரணங்கள் வேறுவேறு. சலெந்தோவில் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே கடல் உள்ளே வருகிறது. காப் போனின் கோர்பா பகுதியில் பாசனத்துக்காக அளவு மீறி இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. நைல் கழிமுகத்திலோ 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு வண்டல் வரத்து நின்றுபோனது. நிலம் மெல்ல அமிழ, கடல் உயர்ந்துவருகிறது.

ஆய்வின் அறிவியல் பகுதி எனக்குத் தெளிவாக இருக்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. இதற்கு முன் நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில், தென்கரையைச் சேர்ந்த சக ஆய்வாளர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் கிணறு கிணறாகச் சென்று நீர் மாதிரிகளை எடுத்துத் தந்தார். எந்தக் கிணறு எந்த ஆண்டில் ஆழப்படுத்தப்பட்டது என்பதை அவர் விவசாயிகளிடம் கேட்டு அறிந்திருந்ததால்தான் எங்கள் வரைபடத்தில் இருந்த பெரிய பிழை ஒன்று திருத்தப்பட்டது. ஆனால் கட்டுரை வெளிவந்தபோது அவர் பெயர் நன்றியுரையில் மட்டுமே இருந்தது. என் பெயர் இரண்டாவதாக அச்சாகியிருந்தது. அப்போது நான் எதுவும் பேசவில்லை; பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதே தவறு இம்முறை நேரக்கூடாது. எந்த நிதி வழியைத் தேர்ந்தெடுத்தால் தென்கரைப் பங்காளிகளும் சம நிலையில் நிற்க முடியும்? ஒப்பந்தத்தில் எவற்றை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பணித்தொகுதி எழுதியது:

வணக்கம். உங்கள் பொருளுக்கு நேராகப் பொருந்துவது பிரிமா எனப்படும் மத்தியதரைப் பகுதி ஆய்வு, புத்தாக்கக் கூட்டாண்மைதான். 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவால் நிறுவப்பட்ட இதன் செயலகம் பார்சிலோனாவில் இருக்கிறது. நீர் மேலாண்மை, வேளாண்மை, உணவு மதிப்புச் சங்கிலி ஆகியவை இதன் பொருள்கள். மற்ற ஐரோப்பியத் திட்டங்களிலிருந்து இது வேறுபடுவது ஆளுகையில். எகிப்து, துனிசியா, மொராக்கோ, அல்ஜீரியா, ஜோர்தான், லெபனான் போன்ற நாடுகள் இதில் உதவி பெறுவோராக அல்லாமல், தம் நிதியையும் இட்டு முடிவெடுக்கும் அவையில் அமரும் பங்கேற்பு நாடுகளாக இருக்கின்றன.

பிரிமாவின் அழைப்புகளில் இரண்டு பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்களிப்பிலிருந்து ஒரே மானிய ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. எல்லாப் பங்காளிகளுக்கும் விதிகள் ஒன்றே. இரண்டாம் பிரிவில் ஒவ்வொரு பங்காளிக்கும் அவரவர் நாட்டு நிதி அமைப்பு தன் சொந்த விதிப்படி பணம் தருகிறது. கேட்பதற்கு இரண்டாவதுதான் சமத்துவமாகத் தோன்றும். நடைமுறையில் அது எப்படி முடியும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் இருந்த ஒரு கூட்டமைப்பில் வடகரைப் பங்காளிகளுக்கு வசந்த காலத்திலேயே பணம் வந்துவிட்டது. தென்கரைப் பங்காளி ஒருவருக்கு ஏறக்குறைய ஓராண்டு தாமதமாயிற்று. அதற்குள் ஒரு பாசனப் பருவம் முழுவதும் கடந்துபோனது. அவருடைய பணிகள் ஒவ்வொன்றாக ஆள் வைத்திருந்த வடகரை ஆய்வகங்களுக்கு மாறின. ஒருவரும் தீய நோக்கத்தோடு அப்படிச் செய்யவில்லை. திட்டத்தின் கடிகாரம் ஒரு கரையின் நேரத்துக்கு ஓடியது, அவ்வளவுதான். ஆகவே முதல் பிரிவில் உங்கள் பொருள் வருமானால் அதையே தேர்ந்தெடுங்கள். இரண்டாம் பிரிவுதான் கிடைக்கும் என்றால், கடைசிப் பங்காளிக்கு நிதி உறுதியாகும் வரை களப்பணி தொடங்காது என்பதைப் பணித்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டமைப்பின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகள் வேண்டும், அவற்றுள் ஒன்றாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள மத்தியதரைக் கரை நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 'ஒன்றாவது' என்ற குறைந்தபட்சத்தையே பலர் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் முன்மொழிவில் இரண்டு தென்கரை நாடுகள் இருப்பது நல்ல தொடக்கம். ஆயினும் திட்டத்தின் பகுதிகளான பணித்தொகுதிகளை யார் தலைமையேற்று நடத்துகிறார்கள் என்று பாருங்கள். தென்கரையினர் தலைமை வகிப்பது 'பரப்புரையும் பயிற்சியும்' என்ற கடைசித் தொகுதி மட்டுமே என்றால், தாளில் உள்ள சமத்துவம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இனி ஒப்பந்தம். ஐரோப்பியத் திட்டங்களில் பெரும்பாலோர் தெஸ்கா என்ற மாதிரிக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தை எடுத்து நிரப்புகிறார்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 45 நாள்களுக்கு முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறது. அறிவுச்சொத்தைக் காக்கவே அந்த விதி எழுதப்பட்டது என்றாலும், நீங்கள் வேறொன்றுக்கும் பயன்படுத்தலாம்: அந்த அறிவிப்போடு ஆசிரியர் பட்டியலும் ஒவ்வொருவரின் பங்களிப்பும் இணைக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். களத்தரவைத் திரட்டியவருக்குக் கட்டுரையின் வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். உங்கள் முந்தைய திட்டத்தில் இந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் அந்த நண்பரின் பெயர் விடுபட்டிருக்காது.

கருவிகளைப் பற்றியும் கவனம் தேவை. ஐரோப்பிய மானியங்களில் பொதுவாகக் கருவியின் முழு விலையும் செலவாக ஏற்கப்படுவதில்லை. திட்டக் காலத்தில் தேய்மானமாகும் பங்கு மட்டுமே ஏற்கப்படும். ஏற்கெனவே கருவிகள் நிறைந்த ஆய்வகத்துக்கு இது பெரிய சுமையன்று. புதிதாக ஒரு பகுப்பாய்வுக் கருவி வாங்க வேண்டிய ஆய்வகத்துக்கு மீதித் தொகை எங்கிருந்து வரும்? அழைப்பின் விதிகளில் முழுவிலைக்கு இடமிருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பாருங்கள்.

வேர்மண் எழுதியது:

மேலே எழுதியவர் பணத்தைப் பற்றிச் சொன்னார். நான் மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் கடைசி நேரத்தில் திட்டங்களை நிறுத்திவைப்பது அதுதான்.

காப் போனிலிருந்தும் நைல் கழிமுகத்திலிருந்தும் மண் மாதிரிகளை இத்தாலிக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், தாவர நலன் கருதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள ஏறத்தாழ எல்லா நாடுகளிலிருந்தும் மண் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆய்வுக்காகக் கொண்டுவர முடியும். ஆனால் உங்கள் நாட்டின் தாவர நல அதிகார அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் பெற்று, அவர்கள் ஏற்கும் தனிமைப்படுத்தப்பட்ட ஆய்வகத்தில்தான் கையாள வேண்டும். பையில் போட்டு விமானத்தில் எடுத்துவரும் பொருள் அன்று அது. 2013-இல் சலெந்தோ அடங்கிய புலியா மாநிலத்தில் சைலெல்லா என்ற தாவர நோய்ப் பாக்டீரியா கண்டறியப்பட்டு, பிறகு எத்தனை ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின என்பதை அங்கே வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விதி ஏன் இருக்கிறது என்பது அங்கேயே தெரியும்.

அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் மரபுப் பொருளை ஆராயப் போகிறீர்கள் என்றால், மரபு வளங்களின் பயனை மூல நாட்டோடு பகிர்வது பற்றி 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் குறுக்கே வரும். மூல நாட்டின் முன்னனுமதி, பயன்பகிர்வு உடன்பாடு ஆகியவை தேவையா என்பதை உங்கள் எகிப்துப் பங்காளியும் துனிசியப் பங்காளியும் தத்தம் நாட்டு அமைப்பிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 511/2014 விதிமுறையின்படி, அத்தகைய ஆய்வுக்கு நிதி பெறுபவர் உரிய கவனத்தோடு செயல்பட்டதாக அறிக்கை தர வேண்டும். ஆவணங்களைப் பயன்பாடு முடிந்த பின்னும் 20 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இதைச் சிலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாதிரி யாருடையது என்ற கேள்வியைச் சட்டமே எழுப்பும் இடம் இது ஒன்றுதான். நீர் மாதிரிகளின் உப்பளவை மட்டும் அளப்பதானால் இந்த நெறிமுறை உங்களைத் தொடாது.

அலைநீளம் எழுதியது:

இருவரும் பயனுள்ளவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் ஒப்பந்த வரிகளில் இந்தச் சிக்கல் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மண்ணைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும் என்று தொடக்கத்திலேயே நாம் எடுத்துக்கொள்வதைத்தான் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜோர்தானின் அல்லான் நகரில் செசமி என்ற சின்க்ரோட்ரான் ஒளி மையம் இருக்கிறது; எலக்ட்ரான்களை வளையத்தில் மிக வேகமாகச் சுழற்றி, பொருள்களை ஆராய உதவும் செறிவான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் இடம் அது. ஐரோப்பாவின் கூட்டுத் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் அமைப்பைப் பின்பற்றி, யுனெஸ்கோவின் ஆதரவில் தோன்றி, 2017 மே மாதம் திறக்கப்பட்டது. சைப்ரஸ், எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், பாகிஸ்தான், பாலஸ்தீனம், துருக்கி ஆகியவை ஒரே அவையில் உறுப்பினர்களாக அமர்ந்து அதை உருவாக்கின. பெர்லினில் ஓய்வுபெற்ற பெஸ்ஸி-1 என்ற பழைய இயந்திரத்தை ஜெர்மனி நன்கொடையாகத் தந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. ஆனால் அவர்கள் பழையதை அப்படியே நிறுவி நிறைவடையவில்லை, 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புதிய சேமிப்பு வளையத்தைக் கட்டினார்கள். மின்கட்டணம் மையத்தையே மூடிவிடும் என்ற அச்சம் இருந்தபோது, 2019-இல் தமக்கென ஒரு சூரிய மின்நிலையத்தைத் திறந்தார்கள். அங்கே ஒளிக்கற்றை நேரம் முன்மொழிவின் தரத்தை வைத்து வழங்கப்படுகிறது.

அந்த ஒளியைப் பயன்படுத்தும் ஆய்வு நிலையங்களான கற்றைவரிசைகளுள் முதலில் பயன்பாட்டுக்கு வந்தவற்றில் ஒன்று எக்ஸ் கதிர் உறிஞ்சல், ஒளிர்வு ஆகியவற்றுக்கானது. உவர்ப்பு ஏறும் மண்ணில் உலோகங்கள் எந்த வேதிநிலையில் இருக்கின்றன என்று பார்க்க அதுவே போதும். எகிப்து உறுப்பு நாடு என்பதால், உங்கள் எகிப்துப் பங்காளி அங்கே தலைமை ஆய்வாளராக விண்ணப்பிக்கலாம். அப்போது நைல் கழிமுகத்தின் மண் இத்தாலிக்கு வர வேண்டியதில்லை; நீங்கள் அல்லானுக்குப் போனால் போதும். யார் யாருடைய ஆய்வகத்துக்குப் பயணிக்கிறார்கள் என்பதே யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

வேறு துறையில் ஓர் எடுத்துக்காட்டு. மத்தியதரைக் கடலின் அடியில், பிரான்சின் தூலோன் நகருக்கு அப்பாலும் சிசிலிக்கு அப்பாலும், விண்ணிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைக் கண்டறியும் கே.எம்.3 நெட் தொலைநோக்கி அமைக்கப்பட்டுவருகிறது. மொராக்கோவின் பல்கலைக்கழகங்கள் அதில் முழு உறுப்பினர்கள். 2023 பிப்ரவரி 13 அன்று சிசிலிக் கடலடியில் பதிவான, ஏறத்தாழ 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகப் பெரிய ஆற்றலுள்ள நியூட்ரினோவைப் பற்றிய கட்டுரை 2025-இல் வெளிவந்தபோது, அவர்களும் ஆசிரியர்களாகவே இருந்தார்கள். துகள் இயற்பியலில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் வருவதால் முதல் பெயர் யாருடையது என்ற போட்டியே எழுவதில்லை. நீரியலில் அந்த வழக்கம் இல்லை. அதை இங்கே கொண்டுவர முடியும் என்றும் நான் சொல்லவில்லை. உறுப்பினர் தகுதி முதலில் உறுதியானால், பெயர் தானாகவே இடம்பெறும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னொரு செய்தியும் கேட்க விரும்புகிறேன். உங்கள் ஆய்வுக் கேள்வியை யார் எழுதினார்கள்? மத்தியதரைப் பருவநிலை, சுற்றுச்சூழல் வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட முதல் மதிப்பீட்டறிக்கையை 25 நாடுகளைச் சேர்ந்த 190 அறிவியலாளர்கள் எழுதினார்கள். இப்பகுதி உலகச் சராசரியைவிட 20 விழுக்காடு விரைவாக வெப்பமடைகிறது என்ற முடிவு எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் தென்கரையில் நீண்டகாலக் கண்காணிப்புத் தரவு குறைவு என்ற அதன் எச்சரிக்கையைக் குறைவானவர்களே எடுத்துப் பேசுகிறார்கள். அந்தக் குறையைப் போக்க மூன்றாண்டுத் திட்டம் போதாது. திட்டம் முடிந்த பின் கிணறுகளை யார் அளப்பார்கள் என்பதையும் முன்மொழிவிலேயே சொல்ல வேண்டும்.

உவர்நிலம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசிக் கேள்வி என்னை நிறுத்திவைத்தது. ஆய்வுக் கேள்வியை நானும் என் மேற்பார்வையாளரும்தான் எழுதினோம். நேற்று துனிசியப் பங்காளியோடு நீண்ட நேரம் பேசினேன். கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்ற எங்கள் கேள்விக்கான விடை அவர்களுக்கு ஏற்கெனவே பெருமளவு தெரியும் என்றார். சுத்திகரித்த கழிவுநீரை நிலத்துக்குள் செலுத்தி நீர்மட்டத்தை மீட்கும் முயற்சி கோர்பாவில் நடந்திருக்கிறது. அது எந்தக் கிணறுகளைக் காப்பாற்றுகிறது, எவற்றைக் காப்பாற்றவில்லை என்பதே அவர்கள் அறிய விரும்புவது. அது எங்கள் கேள்வியைவிடச் சிறந்த கேள்வி. முன்மொழிவின் முதல் பகுதியை அவரே எழுதித் தருமாறு கேட்டிருக்கிறேன். அந்தப் பணித்தொகுதிக்குத் தலைமையும் அவருடையதே.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. திட்டத்தில் இரண்டு முனைவர் பட்ட மாணவர்களுக்கு இடம் உண்டு. அவர்களை எங்கே பதிவு செய்வது நல்லது?

பணித்தொகுதி எழுதியது:

உங்கள் துனிசியப் பங்காளி சொன்னதைக் கேட்டு மகிழ்ந்தேன். அலைநீளம் அவர்களின் கேள்வியை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மாணவர்களைப் பொறுத்தவரை, இரு பல்கலைக்கழகங்களும் இணைந்து மேற்பார்வையிடும் கோட்யூடெல் முறையைப் பாருங்கள். பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களுக்கும் துனிசியா உள்ளிட்ட வடமேற்கு ஆப்பிரிக்க மக்ரெப் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே இது நெடுங்காலமாக வழக்கில் இருப்பதால் துனிசியப் பல்கலைக்கழகத்துக்கு இது புதிதாக இருக்காது. உங்கள் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டப் பள்ளி ஏற்குமா என்று கேளுங்கள். மாணவர் இரண்டிலும் பதிவு பெற்று, காலத்தைப் பகிர்ந்து செலவிட்டு, ஒரே ஆய்வேட்டுக்கு இரு தரப்பின் அங்கீகாரத்தையும் பெறுவார். ஆய்வேட்டின் மொழி, வாய்மொழித் தேர்வு நடக்கும் இடம், கட்டணம் எங்கே செலுத்துவது ஆகிய மூன்றும் மாணவரின் முதல் ஆண்டிலேயே உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டும். தாமதித்தால் கையொப்பங்கள் கிடைப்பது கடினம்.

விசாவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்குமான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/801 நெறியாணையின்படி, வரவேற்கும் நிறுவனம் தரும் ஏற்பு ஒப்பந்தத்தை வைத்தே ஆய்வாளர் விண்ணப்பிக்கிறார். எனவே அந்த ஒப்பந்தத்தை உங்கள் நிர்வாகம் எவ்வளவு விரைவில் தருகிறதோ அவ்வளவு விரைவில்தான் எல்லாம் நகரும். முதல் கூட்டத்தைத் துனிசியாவிலேயே வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் துனிசியப் பங்காளிகள் விசாவுக்காகக் காத்திருந்து கூட்டத்தைத் தவறவிட வேண்டியிராது. கோர்பாவின் கிணறுகளையும் அன்றே எல்லோரும் நேரில் பார்த்துவிடலாம்.