பேசாத வெளிநாட்டு அழைப்புகளுக்குத் தொலைபேசிக் கட்டணம்: அவசர உதவி தேவை (2005-ஆம் ஆண்டின் இணைய உரையாடல்; சட்டங்களும் மென்பொருள்களும் அன்றைய நிலையில்)

கொடிவேரி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு இந்த இரண்டு மாதக் கட்டணமாக 14,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. வழக்கமாக 600 ரூபாயைத் தாண்டியதே இல்லை. வெளிநாட்டில் எங்களுக்கு உறவினர் எவரும் கிடையாது. அலுவலகத்தில் கேட்டால், அழைப்பு உங்கள் இணைப்பிலிருந்துதான் போயிருக்கிறது, கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். கணினியால்கூட இப்படி நேரலாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பவானிக்கரை:
கணினியால் நேரலாம். ஆனால் நீங்கள் சொல்லியிருப்பதை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இணையத்துக்குத் தொலைபேசிக் கம்பியில் மாட்டும் மோடம் வழியே எண் சுழற்றி இணைகிறீர்களா, அகன்ற அலைவரிசை இணைப்பா? விண்டோஸ் எந்தப் பதிப்பு? அழைப்பு வாரியான விவரப் பட்டியல் வாங்கினீர்களா? அதில் உள்ள எண்கள் எப்படித் தொடங்குகின்றன?

மஞ்சள்மண்டி:
கணினியைச் சந்தேகிக்கும் முன் தெருவிலுள்ள தொலைபேசிக் கம்பத்துப் பெட்டியைப் பாருங்கள். எங்கள் தெருவில் அந்தப் பெட்டி மூடியில்லாமலே கிடக்கிறது. இரண்டு கம்பிகளில் ஒரு தொலைபேசிக் கருவியைக் கொக்கி மாட்டினால், யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்கில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசலாம். ஈரோட்டில் எனக்குத் தெரிந்த சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்கு இதே கதிதான் ஏற்பட்டது. லைன்மேனை அழைத்து, உங்கள் இணைப்பு வீடு வரைக்கும் எங்கெங்கே திறந்து கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பீளமேடு:
இந்தக் கேள்விக்கு இதே இடத்தில் எத்தனையோ முறை விடை சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமைகூட எவருக்கும் இல்லை. போகக் கூடாத தளங்களுக்குப் போய், திரையில் வரும் பெட்டிகளுக்கெல்லாம் 'சரி' என்று அழுத்துபவர்களுக்குத்தான் இப்படிக் கட்டணம் வரும். கணினியை வாங்கும் முன் அதை இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சென்னிமலை:
ஒரு நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளைப் போட்டு முழுவதும் சோதியுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கணினியின் வன்வட்டைச் சுத்தமாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிவிடுங்கள். வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

பவானிக்கரை:
தயவுசெய்து இப்போது எதையும் அழிக்காதீர்கள். தவறு உங்களுடையது அல்ல என்று காட்டும் ஒரே சாட்சி அந்த வட்டில்தான் இருக்கிறது. முதலில் மோடத்திலிருந்து தொலைபேசிக் கம்பியை உருவிவிட்டு, நான் கேட்டவற்றுக்கு விடை எழுதுங்கள்.

கொடிவேரி:
விண்டோஸ் எக்ஸ்பி. மோடம் வழியாகத்தான் இணைகிறோம். பட்டியல் கிடைத்தது. எல்லா எண்களும் 00239 என்று தொடங்குகின்றன, எல்லாமே இரவு நேரம். என் மகள் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி வடிவங்கள் செய்து கொடுக்கிறாள். அந்த நேரத்தில்தான் இணையத்தில் படங்கள் தேடுவாள். வேறு எதையும் பார்ப்பவள் அல்ல.

நொய்யல்:
அம்மா, 239 என்பது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் சாவோ டோமே என்ற சிறு தீவு நாட்டின் குறியீடு. கம்பத்தில் கொக்கி மாட்டிப் பேசுபவர் துபாய்க்குப் பேசுவாரே தவிர, இரவு தவறாமல் அந்தத் தீவுக்குப் பேச அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இது டயலர் வேலை.

இது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். படம், பாடல் வரி, இலவச விளையாட்டு, திரைக்காப்பு என்று எதைத் தேடினாலும் சில பக்கங்கள் டயலர் என்னும் ஒரு சிறு நிரலை இறக்கிவிடும். மகள் எதையும் தவறாகப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பூ வடிவம் தேடியவருக்கும் அது வரும். அந்த நிரல், நீங்கள் உள்ளூர் அழைப்பாக இணைந்திருக்கும் இணைப்பைத் துண்டித்து, மோடத்தின் ஒலியை அடக்கிவிட்டு, வெளிநாட்டு எண்ணைச் சுழற்றி மறுபடி இணைத்துவிடும். திரையில் பக்கங்கள் வழக்கம்போல் வந்துகொண்டே இருப்பதால் எவருக்கும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை வைத்திருப்பவனுக்குப் போய்ச் சேருகிறது. 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த மோசடியில், மால்டோவாவுக்கு என்று கட்டணம் போடப்பட்ட அழைப்புகள் உண்மையில் கனடாவோடு நின்றுவிட்டிருந்தன.

இப்போது செய்ய வேண்டியது: 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' திறந்து 'கனெக்ஷன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் உருவாக்காத பெயரில் ஓர் இணைப்பு இருந்து, அதுவே இயல்பானதாக (டீஃபால்ட்) குறிக்கப்பட்டிருந்தால் அதுதான் குற்றவாளி. அதை நீக்கும் முன் திரையைப் படமாக எடுத்து அச்சிடுங்கள். வட்டில் 'ராஸ்போன்.பிபிகே' (rasphone.pbk) என்ற கோப்பைத் தேடி நோட்பேடில் திறந்தால், ஒவ்வோர் இணைப்பின் கீழும் அது சுழற்றும் எண் ஒரு வரியில் இருக்கும். அந்த வரியையும் அச்சிடுங்கள். 'மோடம்லாக்' என்று தொடங்கும் கோப்பையும் படியெடுங்கள். அதில் எண்கள் மறைக்கப்பட்டிருக்கலாம், ஆனால் நேரம் வினாடி வரை இருக்கும். மாற்றி அமைக்காவிட்டால் அடுத்த இணைப்பிலேயே பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால், கம்பியை மறுபடி மாட்டும் முன் இதைச் செய்தாக வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகு ஸ்பைபாட், ஆட்-அவேர் என்ற உளவுநிரல் நீக்கிகள் இரண்டையும் ஓட்டுங்கள்; நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் பலவும் டயலரை நச்சுநிரலாகக் கருதாமல் விட்டுவிடுகின்றன.

பீளமேடு:
இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. எக்ஸ்பிக்கு 2004-இல் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்பை (சர்வீஸ் பேக் 2) நிறுவியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. மற்றபடி, கணினி உங்களுடையது, இணைப்பு உங்களுடையது. கட்டணமும் உங்களுடையதுதான்.

நொய்யல்:
அதை நான் ஏற்கவில்லை. சேவைத் தொகுப்பு நல்லதுதான். தானாக நிறுவிக்கொள்ளும் நிரல்களை அது தடுக்கிறது. ஆனால் மோடம் இணைப்பில் அவ்வளவு பெரிய தொகுப்பை இறக்க எத்தனை இரவுகள் ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பொறுப்பைப் பற்றியும் சொல்கிறேன். 2004 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், தெரியாமல் நுழைந்த டயலருக்கு வாடிக்கையாளர் பணம் கட்டத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அயர்லாந்தின் ஒழுங்குமுறை ஆணையம் சாவோ டோமே உள்ளிட்ட 13 நாடுகளுக்கு நேரடியாகச் சுழற்றுவதையே நிறுத்திவைத்தது. வீட்டிலிருப்பவரைவிடத் தடுக்கும் வசதி தொலைபேசி நிலையத்திடம்தான் அதிகம் இருக்கிறது.

மஞ்சள்மண்டி:
ஜெர்மனித் தீர்ப்பு நம் ஊர் அலுவலகத்தில் எடுபடாது. நேரே மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போங்கள். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது.

சென்னிமலை:
அங்கே போனால், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, கட்டணத் தகராறு நடுவரிடம்தான் போக வேண்டும் என்று வாதிடுவார்கள்.

மஞ்சள்மண்டி:
வாதிடட்டும். அந்தப் பிரிவு இருக்கிறது என்பதற்காக நுகர்வோர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

பவானிக்கரை:
இருவரும் சொல்வது பின்னால் பார்க்க வேண்டியது. இந்த அம்மாவுக்குக் கெடு நெருங்குகிறது. முந்தைய கட்டணங்களின் சராசரியை மட்டும் இப்போது கட்டிக்கொள்ளவும், மீதியை விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கவும் கேட்டுக் கணக்கு அதிகாரிக்கு மனு எழுதுங்கள். விவரப் பட்டியலையும் அச்சுப் படிகளையும் அதனோடு இணையுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதே நாளில் வெளிநாட்டு அழைப்பு வசதியை அடைக்க இன்னொரு விண்ணப்பமும் கொடுங்கள். வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீட்டுக்கு அந்த வசதி எதற்கு?

கொடிவேரி:
நொய்யல் ஐயா சொன்ன கோப்பில் 00239 எண் அப்படியே இருந்தது. அச்சிட்டு மனுவோடு கொடுத்தோம். சராசரியைக் கட்டச் சொல்லி மீதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு அழைப்பையும் அடைத்தாயிற்று. அனைவருக்கும் நன்றி.

பவானிக்கரை:
நல்லது அம்மா. ஸ்பைபாட் ஓட்டினீர்களா? விசாரணை முடிந்ததும் என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதையும் இங்கே பதியுங்கள். கரூரிலிருந்து ஒருவர் இதே 239 எண்ணோடு எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார்.