ஒரே கணினியில் மூவர்: இரண்டாமவருக்கு விபிஎன் இணைப்புக் கிடைப்பதில்லை

தலவாக்கலை வாசகர்:
எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் விண்டோஸ் கணினி ஒன்றே உள்ளது. வெளிவாரிப் பட்டப்படிப்பைத் தொடரும் மூவர் தனித்தனிக் கணக்குகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவரவர் பல்கலைக்கழக நூலகத்தை அணுகுவதற்காக ஓபன்விபிஎன் 2.4 என்னும் விபிஎன் மென்பொருள் (இணையத்தின் ஊடாகப் பாதுகாப்பான தனிப் பாதை அமைப்பது) நிறுவப்பட்டுள்ளது. காலையில் வருபவருக்குத் தடங்கல் எதுவும் இல்லை. பிற்பகலில் அடுத்தவர் தமது கணக்கில் நுழைந்து இணைக்க முயன்றால், டாப் அடாப்டர்கள் (விபிஎன் பயன்படுத்தும் மெய்நிகர் வலையமைப்பு அட்டைகள்) அனைத்தும் பயன்பாட்டில் உள்ளன என்ற செய்தி தோன்றி அத்துடன் நின்றுவிடுகிறது. கணினியை மீளத் தொடக்கினால் சரியாகிறது. மென்பொருளை அகற்றி மீண்டும் நிறுவியதால் பயன் கிட்டவில்லை. இரண்டாவது அடாப்டர் ஒன்றைச் சேர்க்கும்படி ஒருவர் ஆலோசனை கூறுகிறார். அவ்வாறு செய்யலாமா?

பதுளை வலையர்:
காலையில் வந்தவர் தமது கணக்கிலிருந்து வெளியேறாமல், பயனரை மாற்றும் தெரிவை அழுத்திவிட்டுச் சென்றிருப்பார். அப்போது அவருடைய அமர்வு திரைக்குப் பின்னால் தொடர்ந்து இயங்கும். ஓபன்விபிஎன் 2.4 நிறுவப்படும்போது வழக்கமாக ஒரேயொரு மெய்நிகர் அடாப்டரே உருவாகிறது என்பதால், அதை முதலாமவரின் இணைப்புப் பிடித்து வைத்திருக்கும்வரை இரண்டாமவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. டாஸ்க் மேனேஜரில் பயனர்கள் பகுதியைப் பாருங்கள். அவருடைய அமர்வு துண்டிக்கப்பட்டதாகக் காட்டினாலும் நிரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது அடாப்டர் வேண்டாம். செய்தி மறையுமே தவிரச் சிக்கல் தீராது. விண்டோஸில் வழிப்படுத்தல் அட்டவணை (தரவு எந்த இணைப்பின் வழியே செல்ல வேண்டும் எனக் குறிக்கும் பட்டியல்) பயனருக்கு ஒன்றாக இருப்பதில்லை. முழுக் கணினிக்கும் பொதுவானது. ஆகவே முதலாமவரின் விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் தன்வழியே அனுப்பும்படி அமைந்திருந்தால், இரண்டாமவர் தமது கணக்கில் திறக்கும் பக்கங்களும் அந்த இணைப்பின் ஊடாகவே செல்லும். அவர் செய்யும் பதிவிறக்கங்கள் முதலாமவருக்கு ஒதுக்கப்பட்ட முகவரியின் பேரிலேயே அவருடைய பல்கலைக்கழகத்தில் பதிவாகும். இணைப்பு மறுக்கப்படுவதைவிட இதுவே எனக்குப் பாரதூரமாகத் தோன்றுகிறது. எழுந்து போகுமுன் இணைப்பைத் துண்டித்து, கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறச் சொல்லுங்கள்.

பண்டாரவளை நிலையப் பொறுப்பாளர்:
மேலே கூறப்பட்டதுடன் உடன்படுகிறேன். ஆனால் சொல்லி வைப்பதால் மட்டும் மாணவர் கேட்பதில்லை. எங்கள் கணினி நிலையத்தில் பயனரை மாற்றும் தெரிவையே மறைத்துவிட்டோம்: குழுக் கொள்கைத் தொகுப்பியில் (கணினிக்கான விதிகளை நிர்வாகி அமைக்கும் விண்டோஸ் கருவி), கணினி அமைவின் நிர்வாக வார்ப்புருக்களுக்குள் சிஸ்டம், லாகான் என்று சென்றால் அதற்குரிய கொள்கை கிடைக்கும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இத்தொகுப்பி இல்லை. இதில் ஒரு குறையும் உண்டு. ஒருவர் திரையைப் பூட்டிவிட்டுப் போனால் மற்றவர் நுழைய முடியாமல் கணினியை மீளத் தொடக்க நேரிடும், பூட்டிச் சென்றவர் சேமிக்காத வேலையும் போய்விடும்.

அமைவுக் கோப்புகள் எங்கே உள்ளன என்பதையும் கவனியுங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸில் உள்ள ஓபன்விபிஎன் அடைவில் இட்டவை எல்லாப் பயனருக்கும் தெரியும். தனித் திறவுகோல் (உரியவரை அடையாளம் காட்டும் இரகசியத் தரவு) உள்ளடங்கிய கோப்பு என்றால், அவரவர் பயனர் அடைவிலுள்ள ஓபன்விபிஎன் கன்ஃபிக் அடைவில்தான் அது இருக்க வேண்டும்.

தலவாக்கலை வாசகர்:
இருவருக்கும் நன்றி. காலையில் வந்தவரின் அமர்வு நீங்கள் கூறியவாறே பட்டியலில் இருந்தது. அதை முடிக்க நிர்வாகிக் கணக்குத் தேவைப்பட்டதால் வாசிகசாலைப் பொறுப்பாளர் வரும்வரை காத்திருந்தோம். முடித்தவுடன் அடுத்தவருக்கு இணைப்புக் கிடைத்தது. மூவரின் கோப்புகளும் பொது அடைவிலேயே இருந்தன. அவற்றை இன்றே பிரித்து வைத்துவிட்டோம். எங்களுடையது ஹோம் பதிப்பு என்பதால், பயனரை மாற்றும் தெரிவை மறைக்க வேறு வழி உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதுளை வலையர்:
உண்டு. பதிவகத்தில் (விண்டோஸ் தன் அமைவுகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம்), உள்ளகக் கணினிக்குரிய பகுதியின் பாலிசிஸ், சிஸ்டம் என்ற இடத்தில் ஹைட்ஃபாஸ்ட்யூசர்ஸ்விட்சிங் என்னும் டிவேர்ட் (எண் வகை) மதிப்பை உருவாக்கி 1 என இடுங்கள். தொடங்குமுன் பதிவகத்தைப் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள்.